பிறந்தநாள் புரியாணிக்குப் பதிலாக இருபது நாள் சோறு

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் பாடசாலை நாட்களில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அரசின் போசாக்கு உணவு ஒரு நேரம் கிடைக்கிறது. விடுமுறை விட்டதும் அது நின்றுவிடுகிறது. சித்திரை விடுமுறையை எப்படியோ சமாளிக்கலாம், காலபோக நெல்லு விற்ற காசில் கொஞ்சமாவது வீடுகளில் மிஞ்சியிருக்கும். ஓகஸ்ட் விடுமுறையில் அதுவும் கரைந்துவிடும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று பெரிய குளங்களின் கீழே வயல் உள்ளவர்களுக்குத்தான் சிறுபோகம். மானாவாரிக்காரருக்கு மாரி மழை வரும்வரை நிலம் சும்மா கிடக்கும். காணியே இல்லாதவர்களுக்கு முன்பு அருவிவெட்டுக் கூலியாவது இருந்தது, அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கியபின் அந்த வேலையும் போய்விட்டது. பெண்கள் தனியே தலைமை தாங்கும் குடும்பங்களில் இந்த மாதத்தில் மத்தியானச் சாப்பாடு வெறும் தேத்தண்ணீரோடும் பிஸ்கற்றோடும் முடிந்துபோவதை முன்பள்ளி ஆசிரியைகளும் குடும்பநல மாதுமாரும் நன்கறிவார்கள்.

இதே மாதத்தில்தான் வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வருகிறார்கள். நல்லூர்த் திருவிழா, ஓகஸ்ட் 15 மடுத் திருநாள், வெளிநாட்டில் பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை எல்லாம் ஒன்றாக அமைகின்றன. மகளின் பிறந்தநாளுக்கும் தகப்பனாரின் ஆண்டுத் திவசத்துக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க விரும்புகிறார்கள். நல்ல மனம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே கிழமையில் மூன்று குடும்பம் மூன்று நாள் கோழிப் புரியாணி கொடுக்கும், அடுத்த இரண்டு கிழமைக்கு அடுப்பே எரியாது. வழக்கமாகக் கொஞ்சமாகச் சாப்பிடும் பிள்ளை அன்று எண்ணெய்ச் சோற்றை வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டு இரவு வயிற்றாலை போய்க் கிடக்கும். அந்தக் காசையே சாதாரணச் சோறு, பருப்பு, கீரை, நெத்தலி என்று மாற்றி விடுமுறை முழுவதற்கும் நிரவவேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. எவ்வளவு வேண்டும், எப்படிச் செய்வது, எங்கே பிழைக்கும் என்பதைக் கீழே எழுதுகிறோம்.

அறுபது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக்கு உட்பட்ட நாற்பது பேருக்குத் தலைக்கு 80 கிராம் பச்சை எடை அரிசி, மூத்த இருபது பேருக்கு 110 கிராம். மொத்தம் 5.4 கிலோ. பருப்போ கௌப்பியோ பயறோ தலைக்கு 25 கிராம், அதாவது 1.5 கிலோ. உருவிய கீரை தலைக்கு 30 கிராம், 1.8 கிலோ. தேங்காய் நான்கு, எண்ணெய் 300 மில்லிலீற்றர், சின்ன வெங்காயம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தேசிக்காய் ஆறு அல்லது ஏழு. நெத்தலிக் கருவாடு சமைக்கும் நாளில் 600 கிராம், முட்டை நாளில் ஆளுக்கு ஒன்று. பாதி முட்டை வேண்டாம், யாருக்கு மஞ்சட்கரு கூட என்று அங்கேயே சண்டை தொடங்கும். இருபது நாளுக்கு அரிசி 108 கிலோ, பருப்பு வகை 30 கிலோ, தேங்காய் 80, எண்ணெய் 6 லீற்றர். எட்டு நாள் நெத்தலி என்றால் ஐந்து கிலோவுக்குள் அடங்கும், நான்கு நாள் முட்டை என்றால் 240. இந்தக் கணக்கை அன்றைய சந்தை விலையால் பெருக்கிப் பார்த்து, ஒரு நாள் புரியாணிக்கு வாங்கிய சிட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் நாங்கள் தொகை எழுதவில்லை.

அளப்பதற்குச் சுண்டு வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பால்ரின் ஒவ்வொரு அளவு. கூம்பி அளப்பவரும் உண்டு, தட்டி அளப்பவரும் உண்டு. பத்துச் சுண்டில் ஒரு சுண்டு வித்தியாசம் வந்தால் கடைசியாக வரும் ஐந்தாறு பிள்ளைகளுக்குச் சோறு இராது. சமையலுக்குத் தராசு. பரிமாறுவதற்கு ஒரு கோப்பை. முதல்நாள் சோறு வெந்ததும் ஒரு கோப்பைச் சோற்றை நிறுத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைக்கு 200 முதல் 220 கிராம் வரவேண்டும். அந்தக் கோப்பைக்கு உள்ளே ஆணியால் ஒரு கோடு கீறிவிட்டால் இருபது நாளும் யார் பரிமாறினாலும் அளவு ஒன்றாக இருக்கும். பிள்ளை இன்னொரு தரம் கேட்டால் கொடுப்பது வேறு விடயம். முதல் தரம் எல்லாருக்கும் ஒரே அளவு இருக்கவேண்டும், தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குக் கூடவும் மற்றப் பிள்ளைக்குக் குறையவும் விழக்கூடாது.

அரிசி நாட்டுச் சிவப்பரிசிப் புழுங்கலாக இருந்தால் நல்லது. ஊர் ஆலையில் குற்றிய அரிசியில் கல் இருக்கும். சுளகில் புடைத்தபின் அரிக்கன்சட்டியில் அரித்தே ஆகவேண்டும், பால்பல் ஆடிக்கொண்டிருக்கும் வயதில் ஒரு கல் கடிபட்டால் மறுநாள் அந்தப் பிள்ளை வராது. ஓகஸ்ட் கடைசியில் சிறுபோகக்காரர் யாராவது புது நெல்லு ஒரு மூட்டை தருவார்கள். நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய 65 கிலோ அரிசி எதிர்பார்க்கலாம். புது அரிசி தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். பழைய அரிசிக்கு வைக்கும் உலையை அதற்கு வைத்தால் குழைந்து களியாகிவிடும். முதலில் அரைக்கிலோ வேகவைத்துப் பார்த்துத் தண்ணீரை அளவாக்குங்கள், அல்லது பழைய அரிசியோடு பாதிக்குப் பாதி கலவுங்கள்.

5.4 கிலோ அரிசியை வடித்துச் சமைக்க 40 லீற்றர் கொள்ளும் கிடாரம் வேண்டும். வடித்த கஞ்சியை ஊற்றிவிடாதீர்கள், உயிர்ச்சத்து பி வகையில் ஒரு பங்கு அதில்தான் போகிறது. உப்புப் போட்டு, வந்து காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அரைக் கோப்பை கொடுத்தால் பசியில் அழுகிற சின்னதுகள் அடங்கும். எட்டுக் கிலோவுக்கு மேல் ஒரே கிடாரத்தில் போடக்கூடாது. அடி பிடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே அரிசி விறைப்பாக நிற்கும், கிளற ஆள் போதாது. தொகை கூடினால் இரண்டு அடுப்பு, இரண்டு பானை. கிடாரத்தை இறக்கும்போது இரண்டு பேர், காதில் கொழுவிய தடியோடு. அந்த நேரம் அடுப்படியில் ஒரு பிள்ளையும் நிற்கக்கூடாது. பெரிய சமையலில் நடக்கும் மோசமான விபத்து நஞ்சேறுவதல்ல, கொதிகஞ்சி கொட்டுவதுதான்.

பருப்பு வேகாத பிரச்சினையை எல்லாரும் கடைக்காரன் தலையில் போடுகிறார்கள். பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். வன்னியின் பல கிணறுகளில் சுண்ணாம்பு கூடிய நீர். அந்த நீரில் கௌப்பியும் கடலையும் மணிக்கணக்காகக் கொதித்தாலும் தோல் இளகாது. கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிறதா என்று பாருங்கள், கட்டினால் அந்தத் தண்ணீரில் தானியம் ஊறவைக்கவோ அவிக்கவோ வேண்டாம். சுத்திகரித்த குடிநீரில் முதல்நாள் இரவே எட்டு மணித்தியாலம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான். அவசரத்துக்கு அப்பச்சோடா போடுவோர் உண்டு. மெதுவாவது உண்மை, ஆனால் தயமின் என்ற பி1 உயிர்ச்சத்தை அது கெடுத்துவிடும். நாம் பிள்ளைக்குக் கொடுக்க நினைத்ததையே அடுப்பில் எரித்த மாதிரி. மைசூர்ப் பருப்புக்கு இந்தச் சிக்கல் குறைவு: ஒன்றரைக் கிலோவுக்கு ஆறு லீற்றர் தண்ணீர், அரை மணிக்குள் வெந்துவிடும். பிள்ளைகள் எழுபது பேர் வந்துவிட்டார்கள் என்று பருப்பில் தண்ணீர் ஊற்றிப் பெருக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் ஒரு கிலோ அரிசியும் கால்கிலோ பருப்பும் தனியே வைத்திருந்து, பதினொன்றரைக்கு வாசலில் தலை எண்ணி, தேவையென்றால் சின்னப் பானையில் இரண்டாவது உலை வையுங்கள்.

நெத்தலியின் தலையைக் கிள்ளி, மணல் போக மூன்று தண்ணீர் கழுவி, பத்து நிமிடம் ஊறவிட்டு எடுக்கவேண்டும். அன்றைக்குக் கறிக்குப் போடும் உப்பைப் பாதியாக்க வேண்டும். இதைச் சொன்னாலும் மறப்பார்கள், ஆகவே உப்புப் போடும் பொறுப்பு ஒரே ஒருவருக்கு. இரண்டு பேர் போட்ட உப்பை எந்தத் தேங்காய்ப்பாலும் சரிசெய்யாது. குளத்து மீன் மலிவாகக் கிடைத்தாலும் சின்னப் பிள்ளைகளுக்கு முள் நீக்க அங்கே யாருக்கும் நேரமிராது, தவிர்க்கலாம். வெள்ளிக்கிழமை மச்சம் வேண்டாம். பாதிப் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள், வீட்டிலே சொல்லி அனுப்பியிருப்பார்கள். பயறும் பூசணிக்காயும் அன்றைக்குச் சரி. கோயில் மடத்தில் சமைப்பதென்றால் முட்டையும் நெத்தலியும் எந்த நாளும் முடியாது. அதனால் கிடாரத்தைக் கோயிலில் இரவல் வாங்குங்கள், சமையலை பொதுநோக்கு மண்டபத்திலோ முன்பள்ளியிலோ வையுங்கள். இரவல் கிடாரத்தில் மச்சம் சமைக்கலாமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முருங்கையிலை எந்த வரட்சியிலும் கிடைக்கும். ஆனால் 1.8 கிலோ இலை உருவ மூன்று பேருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து "நாங்கள் என்ன உதவி செய்யலாம்?" என்று கேட்கும் இளம் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் வேலை. மொழி நன்றாகத் தெரியாவிட்டாலும் ஊர் அம்மாமாரோடு குந்தியிருந்து இலை உருவலாம், வெங்காயம் உரிக்கலாம், பிறகு கிடாரம் மினுக்கலாம். பரிமாறும் வேலையை மட்டும் கேட்டுப் படம் எடுத்துக்கொண்டு ஒரு மணிக்குப் போய்விடும் தொண்டரை விட, இரண்டரை மணிவரை நின்று தட்டுக் கழுவுகிறவர் பத்து மடங்கு பயன்.

கீரை வறையைக் கடைசியாகத்தான் செய்யவேண்டும், இலை ஐந்து நிமிடத்துக்கு மேல் அடுப்பில் நிற்கக்கூடாது. பருப்பை இறக்கியபின் தேசிப்புளி விடுங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்தப் புளி உதவும். அதே காரணத்தால் சாப்பாட்டோடு தேத்தண்ணீர் கொடுக்கக்கூடாது, தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இது சொல்வதற்குச் சுகம், செய்வதற்குக் கஷ்டம். நன்கொடையாளர் ஒருவர் பெரிய கேத்திலில் சீனி கரைத்த பிளேன்ரீயோடு வந்து நிற்பார். வாங்கி வைத்துச் சமையல்காரருக்குக் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகளுக்குத் தண்ணீர் போதும்.

எங்கே பிழைக்கும் என்று கேட்டால் முதலில் சொல்லவேண்டியது நேரம். நல்ல எண்ணத்தோடு விடிய நான்கு மணிக்குச் சமைத்து, ஏழு மணிக்குப் பார்சல் கட்டி, பன்னிரண்டரைக்குக் கொடுக்கிறார்கள். சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகா. சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடுதான் ஆபத்தான சூடு. ஓகஸ்ட் வன்னியில் நிழலே 35 பாகை. ஆகவே அடுப்பால் இறக்கியதிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பிள்ளையின் வயிற்றுக்குள் போயிருக்கவேண்டும். பன்னிரண்டுக்குச் சாப்பாடு என்றால் பத்தரைக்கு முன் உலை வைக்காதீர்கள். தேங்காய்ப்பால் விட்ட கறி இன்னும் சீக்கிரம் புளித்துவிடும், பாலைக் கடைசியில் விட்டு ஒரு கொதியோடு இறக்குங்கள். மிஞ்சிய சோற்றை இரவுக்கென்று கட்டிக் கொடுக்கவேண்டாம். பழஞ்சோற்றுக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். வீட்டுப் பானையில் ஒரு கோப்பைச் சோறு சீக்கிரம் ஆறும், கிடாரத்தின் நடுவில் கிடக்கும் சோறு மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே நிற்கும். வித்தியாசம் அங்கேதான்.

பார்சலுக்கு லஞ்ச்சீற் என்ற பொலித்தீன் தாளும் வேண்டாம். 2017 இல் தடைசெய்த பொருள் இன்னமும் கடைகளில் தொங்குகிறது. சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துச் சோறு சீக்கிரம் பழுதாகும், பிறகு சோளகக் காற்று அதை வேலி வேலியாகக் கொண்டுபோய் மாடுகளுக்குத் தின்னக் கொடுக்கும். குளங்களில் தண்ணீர் இருந்தால் தாமரை இலை நம்மூர் வழக்கம், அது வற்றினால் எவர்சில்வர்த் தட்டுத்தான். அறுபது தட்டும் மூன்று தொட்டியும் போதும்: ஒன்றில் மிச்சம் வழிக்க, ஒன்றில் சவர்க்காரம், ஒன்றில் குளோரின் கலந்த நீர். பிறகு துடைக்காமல் வெயிலில் கவிழ்க்கவேண்டும், பழைய சீலையால் துடைப்பது கழுவியதைத் திரும்ப ஊத்தையாக்குவது. பிள்ளைகளைத் தட்டுக் கொண்டுவரச் சொல்வது மலிவு, ஆனால் நெளிந்த தட்டும் புதுத் தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது யார் வீடு எப்படி என்று எல்லாருக்கும் தெரிந்துபோகும்.

சோளகத்தை நினைத்துத்தான் அடுப்பும் போடவேண்டும். தென்மேற்கிலிருந்து புழுதியோடு அடிக்கும் காற்றுக்கு முதுகு காட்டி, அந்தப் பக்கம் தகரமோ மண்சுவரோ மறைத்து அடுப்பு வையுங்கள். கிடுகுக் கூரைக்கும் காய்ந்த புல்லுக்கும் காற்றுக் கீழ்ப்பக்கத்தில் அடுப்பு இருக்கட்டும், பக்கத்தில் இரண்டு வாளி மணல். மூடி இல்லாத கிடாரம் புழுதிக் கிடாரம். விறகுக்குப் பிள்ளைகளைப் பற்றைக்குள் அனுப்பவே கூடாது. கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு, முடிந்த இடத்திலும் பாம்பு உண்டு. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றைக் கைக்காவலாக வைத்துக்கொண்டு தேங்காய்ப் பொச்சும் பனைமட்டையும் கொண்டு எரிப்பது நடைமுறைக்குச் சரி. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கக் காட்டோரக் கிராமங்களில் அரிசியையும் உப்பையும் மண்டபத்தில் இரவு வைக்கவேண்டாம். யானைக்கு மணம் போதும், கதவும் சுவரும் மிஞ்சாது. ஊர் நடுவில் ஓர் உறுதியான வீட்டில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரப் பலகையில், எலி ஏறாதபடி வையுங்கள். அன்றாடம் வேண்டியதை மட்டும் காலையில் நிறுத்துக் கொண்டுவரலாம்.

எத்தனை பிள்ளைக்கு ஒரு அடுப்பு? பெரிய மனம் படைத்தவர்கள் முந்நூறு பேருக்கு ஒரே இடத்தில் சமைக்க ஆசைப்படுவார்கள். வன்னி யாழ்ப்பாணம் மாதிரி நெருக்கமான ஊர் அல்ல. மத்தியான வெயிலில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து வராது, வரவும் கூடாது. ஏ9 வீதியையோ பரந்தன் முல்லைத்தீவு ஏ35 வீதியையோ கடந்து வரவேண்டிய இடத்தில் அடுப்பு வைப்பது பிழை. வீதிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நாற்பதும் அறுபதுமாகப் பிரியுங்கள். எட்டாத வீடுகளுக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகப் புதிய றெஜிபோம் பெட்டி ஒன்று போதும், சோற்றுப் பானையைச் சாக்கால் நன்றாகச் சுற்றி உள்ளே வைத்தால் சூடு நிற்கும். சாக்கில்லாமல் வைத்தால் றெஜிபோம் இளகும். மீன் கொண்டுபோன பெட்டியைக் கழுவிப் பாவிக்கலாம் என்று சொல்பவர் இருப்பார், கேட்காதீர்கள்.

யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு எங்கள் பதில்: வந்த எல்லாருக்கும். பட்டியல் வேண்டாம். அஸ்வெசும என்ற அரசின் நலன்புரிக் கொடுப்பனவு பெறுகிறார்களா என்று கேட்கவேண்டாம். வறிய பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்ன அன்றே மிக வறிய பிள்ளைகள் வரமாட்டார்கள். கடைக்காரர் மகனும் ஆசிரியர் மகளும் வந்து அதே பாயில் இருந்தால்தான் மற்றதுகள் கூச்சமில்லாமல் வரும், அவர்கள் சாப்பிடும் 80 கிராம் அரிசி நட்டமல்ல. புலம்பெயர்ந்த உறவுகளில் அமெரிக்காவில் இருப்போர் அங்கே நடப்பதைப் பார்த்திருக்கலாம். 1968 இல் சோதனையாகத் தொடங்கி 1975 இல் தனித் திட்டமான கோடைகால உணவுத் திட்டத்தில், வருமானம் குறைந்த பகுதி எது என்று மட்டும் முதலில் தீர்மானிக்கிறார்கள். அங்கே திறந்த உணவு நிலையங்களில் 18 வயதுவரை வரும் எந்தப் பிள்ளைக்கும் வீட்டு வருமானம் கேட்காமல் சாப்பாடு. அங்கேயும் கிராமப்புறப் பிள்ளைகள் நிலையத்துக்கு வந்துசேர முடியாத தொல்லை இருந்தது. 2022 டிசெம்பரில் நிறைவேறிய சட்டத்தின் மூலம்தான் ஒதுக்குப்புறக் கிராமங்களில் உணவை வீட்டுக்கு எடுத்துப்போவது நிரந்தர ஏற்பாடாயிற்று. நம் தூரப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதல்ல.

சமைக்கும் பெண்களுக்குக் கூலி கொடுங்கள். தொண்டு என்ற பெயரில் ஒரு தாயை இருபது நாள் அடுப்படியில் நிறுத்தினால், அவள் கூலிக்குப் போயிருந்தால் அவள் வீட்டில் எரிந்திருக்கும் அடுப்பை அணைக்கிறோம். அறுபது பேருக்கு இரண்டு சமையல்காரர் கூலிக்கு, நான்கு தொண்டர் சுழற்சியில். தொடங்குமுன் கிராம அலுவலருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லிவிடுங்கள். பரிசோதகர் வந்தால் குறை பிடிப்பார் என்று பயப்படுவோர் உண்டு. கிணற்றுக்குக் குளோரின் அளவு சொல்லித் தரவும் சமையல்காரரின் உடல்நலம் பார்க்கவும் அவரைவிட வேறு ஆள் இல்லை. வயிற்றாலை போனவர், அது நின்று இரண்டு நாள் கழியும்வரை அடுப்படிக்கு வரக்கூடாது, கையில் புண் உள்ளவரும் அப்படியே. கூலி வெட்டப்படும் என்றால் நோயை மறைப்பார்கள், அந்த இரண்டு நாளுக்கும் கூலி கொடுத்துவிடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையொன்று எலும்பும் தோலுமாக வந்தாலோ இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ அன்றைக்கே குடும்பநல மாதுவிடம் அனுப்புங்கள். அதற்கு மருந்தோடு சேர்ந்த உணவு வேண்டும், நம் சோறு அதற்குப் போதாது. பிள்ளைகளோடு எந்த வளர்ந்தவரும் தனியே இருக்கக்கூடாது, ஊரவரானாலும் வெளிநாட்டவரானாலும்.

டிசெம்பர் விடுமுறைக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது. விறகு நனைந்திருக்கும். 2018 டிசெம்பர் வெள்ளத்தைப்போல வந்தால் மண்டபமே இடம்பெயர்ந்தோர் தங்கும் இடமாகிவிடும். அந்த மாதத்துக்குக் காஸையும் உலர் உணவுப் பொதியையும் நம்பலாம். அதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

பணம் அனுப்பும் உறவுகளுக்கு: பிறந்தநாள் 17 ஆம் திகதி என்றாலும் பணம் ஜூலை முதற்கிழமையில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வரட்டும். அரிசியும் பருப்பும் மொத்தமாக, ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கடையிலேயே வாங்கலாம். மூட்டையை நிறுத்து வாங்கவேண்டும், வண்டு பார்த்து வாங்கவேண்டும். பதினேழாம் திகதி உங்கள் மகளின் பெயரைச் சொல்லி அதே சோற்றோடு ஆளுக்கொரு முட்டையும் ஒரு கதலி வாழைப்பழமும் கூடுதலாகக் கொடுப்போம். பிள்ளைகள் வாழ்த்துவார்கள். கேக்கும் வெட்டலாம், மறுநாளும் அடுப்பு எரியும் என்றால்.

கடைசியாகப் பத்திரிகைகளிடம் ஒன்று, உங்களுடையதும் உட்பட. உணவு வழங்கும் நிகழ்வு என்று தலைப்பிட்டு, தட்டு ஏந்தி நிற்கும் பிள்ளைகளின் முகத்தோடு படம் போடுவதை நிறுத்திவிடுங்கள். அந்தப் பக்கம் வெட்டிச் சுவரில் ஒட்டப்படும், வகுப்பில் நக்கலாகும், பதினாலு வயதுப் பிள்ளை அதற்குப் பிறகு மண்டபப் பக்கமே வராது. படம் போட்டே ஆகவேண்டும் என்றால் மண்டப வாசலில் தொங்கும் கரும்பலகையைப் போடுங்கள். அன்றைக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை கிலோ அரிசி போட்டது, யார் தந்தது, மூட்டையில் மீதி எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு அதில் எழுதியிருக்கும்.

இப்படிக்கு,
விடுமுறைக்கால மதிய உணவுத் தொண்டர்கள் சிலர்,
கிளிநொச்சி, முல்லைத்தீவு.